ஸ்டீரிங் பெட்டியின் நடு

அம்பாசமுத்திரத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஒரு லாரி, கிழக்கே சேரன்மாதேவி வழியாகத் திருநெல்வேலிக்குப் போனால், தாமிரபரணி நீர் பாயும் நஞ்சை வயல்களின் ஊடே பெரும்பாலும் சமதளத்திலேயே ஓடுகிறது. அதே லாரி மேற்கே திரும்பி, மணிமுத்தாறு அணையைக் கடந்து, 1929-ஆம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் குத்தகைக்குப் பெற்றுத் தேயிலை பயிரிட்ட மாஞ்சோலை மலையில் ஏறத் தொடங்கினால், வலமும் இடமுமாக மாறிமாறி வரும் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீரிங்கைக் கடைசி வரை ஒடித்து ஒடித்து எடுக்க வேண்டியிருக்கிறது. முதற்பாதையில் ஓட்டுநருக்கு வேண்டியது, கையை லேசாக வைத்திருந்தாலே வண்டி இம்மியும் பிசகாமல் நேரே செல்லும் நிதானம். இரண்டாவதில் வேண்டியது, எந்தப் பக்கம் ஒடித்தாலும் சக்கரங்கள் ஒரே அளவாகத் திரும்பும் சமத்துவம். ஒரே ஊரிலிருந்து பிரியும் இரண்டு சாலைகள் ஒரே யந்திரத்தை இருவேறு விதமாகப் பரீட்சை செய்கின்றன.

இவ்விரண்டு பரீட்சைகளிலும் வண்டி தேறுவதற்கு ஆதாரமான விஷயம் ஒன்றேதான். ஓட்டுநரின் கையிலுள்ள ஸ்டீரிங் வீலுக்கு ஒரு நடு உண்டு. தரையில் உருளும் முன்சக்கரங்களுக்கு ஒரு நடு உண்டு. இரண்டுக்கும் இடையே, சேசிஸ் சட்டத்தோடு போல்ட்டால் இறுக்கப்பட்டு, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்து, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஸ்டீரிங் பாக்ஸுக்கும் ஒரு நடு உண்டு. இம்மூன்று நடுக்களும் ஒரே சமயத்தில் ஒன்றுகூடுமாறு அமைப்பதுதான் பாக்ஸ் மாற்றும் வேலையின் சூட்சுமம் முழுவதும். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவது தெரியாதது, தெரியாத காரணத்தாலேயே அது அலட்சியத்துக்கு உள்ளாகிறது.

உள்ளே பல் தேய்ந்தோ, சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகியோ பழுதான பாக்ஸை இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டியதும், லாரியைச் சாலையில் விட்டுப் பார்த்தால், வண்டி நேராகத்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்டீரிங் வீலின் கம்பிகள் மட்டும் கோணலாக நிற்கின்றன. இந்நிலையில் அம்பை என்று சுருக்கி அழைக்கப்படும் அம்பாசமுத்திரத்துப் பட்டறை ஒன்றில் நடந்த சம்பாஷணையைக் கேட்டிருக்கிறேன். "அண்ணாச்சி, சாயங்காலம் லோடு ஏத்தணும். ஸ்டீரிங்கைக் கழத்தி நேரா மாட்டிக் குடுத்துருங்க, போதும்" என்றார் இளைஞரான ஓட்டுநர். "கழத்தி மாட்டுனா ஒங்க கண்ணுக்குத்தான் நேரா இருக்கும், தம்பி. உள்ள பாக்ஸு கோணையாத்தான் கெடக்கும். மலைக்குப் போற வண்டியை அப்படி விடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, டிராக் லிங்க்கின் கிளாம்ப்பைத் தளர்த்தத் தொடங்கினார். அவர் ஒரே வாக்கியத்தில் சொன்ன நியாயத்தை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு சக்கர வாகனத்தைத் திருப்புவது எத்துணைச் சிரமமான காரியம் என்பதை, ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியின் முனையில் திரும்பும்போது பிரத்தியட்சமாகக் காணலாம். தேரின் அச்சுகள் திரும்பும் இயல்பு அற்றவை. வடம் பிடிப்போர் இழுக்க, பின்னால் தடி போடுவோர் நெம்ப, முட்டுக்கட்டை இடுவோர் சக்கரத்தின் அடியில் பார்த்துப் பார்த்துக் கட்டையை வைக்க, அந்தக் கட்டையில் உரசிச் சறுக்கியே தேர் சிறிது சிறிதாக முகம் திருப்புகிறது. மெல்ல அசையும் தேருக்கு இவ்வுபாயம் போதும். வேகமாக ஓடும் வண்டிக்கு முன்சக்கரங்கள் தாமே திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டுதான் போக முடியும். உட்சக்கரத்தைச் சற்று அதிகமாகத் திருப்பும் அமைப்பை மூனிச் நகரத்து வண்டிக் கம்மியர் ஜார்ஜ் லாங்கன்ஸ்பெர்கர் வகுத்தார். லண்டனில் புத்தகங்களும் சித்திரங்களும் வெளியிட்டுவந்த ருடால்ஃப் ஆக்கர்மன் என்பவர் 1818-இல் அவர் சார்பாகக் காப்புரிமை பெற்றமையால், கண்டுபிடித்தவர் பெயர் மறைந்து, காப்புரிமை பெற்றவர் பெயரே அவ்வமைப்புக்கு நிலைத்துவிட்டது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள் இருந்ததற்கும் இந்தத் திருப்பும் சிக்கலே காரணம். இரண்டு முன்சக்கரங்களையும் தனித்தனி அச்சாணியில் திருப்பும் முறைக்கு அவர் உரிமை பெற்றது 1893-இல்தான்.

இன்றைய லாரியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் அந்த முறை அப்படியே இருப்பதைக் காணலாம். குறுக்கே கிடக்கும் கனத்த ஆக்சிலின் இரு முனைகளிலும் கிங் பின்னைச் சுற்றிச் சக்கரங்கள் திரும்புகின்றன. அவை இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்துவைப்பது டை ராடு. ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்மின் நுனியை ஒரு பக்கத்துச் சக்கரத்தின் கையோடு இணைத்து, முன்னும் பின்னும் தள்ளுவது டிராக் லிங்க். இவ்விரண்டு தண்டுகளின் தொழிலையும் பிரித்து அறிவது மிக அவசியம். டை ராடின் நீளம் இரண்டு சக்கரங்களுக்கு இடையேயுள்ள உறவை நிர்ணயிக்கிறது. அதைக் கூட்டினாலோ குறைத்தாலோ டோ-இன் என்னும் அளவு மாறி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் டயர் ஒரு பக்கமாக அரித்துப்போகும். டிராக் லிங்க்கின் நீளமோ பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள உறவை மட்டும் நிர்ணயிக்கிறது. ஆகவே ஸ்டீரிங் கோணலாக நிற்கும்போது கை வைக்க வேண்டிய இடம் டிராக் லிங்க்; டை ராடைத் தொடுவது, தலைவலிக்காகக் காலில் கட்டுப் போடுவதாகும்.

இனி, பாக்ஸின் உள்ளே நுழைவோம். ஸ்டீரிங் வீலோடு இணைந்த தண்டான ஸ்டீரிங் காலத்திலிருந்து இறங்கிவரும் சுழற்சி, மரை வெட்டிய ஒரு தண்டைச் சுழற்றுகிறது. அத்தண்டின் மீது ஒரு நட்டு ஏறி இறங்குகிறது. மரைக்கும் நட்டுக்கும் நடுவே வரிசையாக உருண்டோடும் எஃகுக் குண்டுகள் உராய்வைக் குறைக்கின்றன. நட்டின் வெளிப்புறத்தில் வெட்டிய பற்கள், செக்டார் ஷாஃப்ட்டின் பற்களோடு கோத்து அதைத் திருப்ப, அந்த ஷாஃப்ட்டின் வெளி நுனியில் மாட்டிய டிராப் ஆர்ம் ஊசலாடுகிறது. இவற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செக்டாரின் பற்கள் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் பொருந்துமாறு செய்யப்பட்டவை அல்ல. நட்டு தன் ஓட்டத்தின் சரிபாதியில் நிற்கும்போது பற்களுக்கு இடையே இடைவெளியே இல்லாமலும், நடுவை விட்டு இருபுறமும் விலக விலக இடைவெளி சிறிது சிறிதாகப் பெருகுமாறும் அவை வேண்டுமென்றே அமைக்கப்படுகின்றன. லாரி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. நேர் ஓட்டத்தில்தான் ஸ்டீரிங்கில் துளி ஆட்டமும் கூடாது. ஓடி ஓடித் தேய்வதும் நடுப்பல்தான். அது தேய்ந்தபின், பற்களின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகாணியைச் சிறிது முடுக்கி இறுக்கினாலும் ஓரப் பற்கள் மாட்டிக்கொள்ளாதபடி அங்கே முன்கூட்டியே இடம் விட்டுவைத்திருக்கிறார்கள். யந்திர சாஸ்திரத்தில் இவ்வளவு தீர்க்கதரிசனம் அமைந்த சிறு பொருள்கள் அதிகம் இல்லை.

இப்போது, பாக்ஸின் நடுவைப் பாராமல் ஸ்டீரிங் வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டிய லாரியை எண்ணிப்பாருங்கள். சக்கரங்கள் நேராக இருக்கின்றன, வீலும் நேராக இருக்கிறது, பாக்ஸ் மட்டும் தன் நடுவை விட்டு அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ தள்ளி நிற்கிறது. அங்கே பற்கள் தளர்ந்திருப்பதால், வண்டி நேரே ஓடும்போது ஸ்டீரிங்கில் ஆட்டம் தெரிகிறது. ஓட்டுநர் ஓயாமல் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே போகிறார். புது பாக்ஸில் ப்ளே இருக்கிறதே என்று பட்டறைக்குத் திரும்பி வந்தால், அவசரக்கார மெக்கானிக் அதே நிலையில் வைத்துத் திருகாணியை முடுக்கி ஆட்டத்தைப் போக்கிவிடுகிறார். வந்தது பெரும் விபரீதம்! நடுவிலல்லாத இடத்தில் இறுக்கிய பற்கள், ஏதோ ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது உண்மையான நடுவைக் கடக்க நேர்கையில், ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடுகின்றன. கிங் பின் சற்றே சாய்ந்து நிற்பதால் வளைவு கடந்ததும் சக்கரங்கள் தாமே நேராகத் திரும்பிவரும் சுபாவம் வண்டிக்கு உண்டு. பற்கள் கவ்வினால் அந்தச் சுபாவம் கெட்டு, ஸ்டீரிங் விட்ட இடத்திலேயே நின்றுவிடும். பாரம் ஏற்றிய லாரியில் இதைவிட அபாயமான குறை அதிகம் இல்லை.

பவர் ஸ்டீரிங்கில் இக்குறை இன்னொரு ரூபத்தில் வெளிப்படுகிறது. அதில் நட்டே ஒரு பிஸ்டனாகவும் இருந்து, பம்பிலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தத்தால் தள்ளப்படுகிறது. சக்கரம் கடைசி வரை ஒடிந்து ஆக்சிலிலுள்ள ஸ்டாப்பர் போல்ட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே அழுத்தத்தைத் தணித்துவிடுவதற்கு, பெரும்பாலான லாரி பாக்ஸுகளில் இருபுறமும் சிறு வால்வுகள் இருக்கின்றன. பாக்ஸ் நடுவில் இருந்தால் இரு வால்வுகளும் தத்தம் பக்கத்தில் சரியான தருணத்தில் திறக்கும். தள்ளி நின்றாலோ, ஒரு பக்கத்தில் வால்வு முன்னதாகவே திறந்து, இன்னும் ஒடிய வேண்டிய சக்கரம் வலுவிழந்து நின்றுபோகும். மறுபக்கத்தில் சக்கரம் ஸ்டாப்பரில் முட்டிய பிறகும் வால்வு திறவாமல், முழு அழுத்தமும் டிராப் ஆர்மையும் பால் ஜாயிண்ட்டையும் வருத்த, பம்பு சூடேறி முனகும். மாஞ்சோலைப் பாதை போன்ற குறுகிய மலைச் சாலையில் இதன் பலன் உடனே தெரிந்துவிடும். இடது வளைவுகளையெல்லாம் ஒரே வீச்சில் எடுத்துவிடும் வண்டி, வலது வளைவில் மூக்கு முட்டி நின்று, பின்னே வந்து மறுபடி ஒடிக்க வேண்டியதாகும். ஒரு புறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான இடத்தில், பாரத்தோடு பின்னுக்கு வருவது எத்தகைய காரியம் என்பதை அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் அறிவார்கள்.

முறையான வேலை, பழைய பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்குகிறது. லாரியைச் சமதரையில் சில அடி தூரம் நேராக உருட்டிவந்து நிறுத்தி, பின் டயரை ஒட்டி முன்சக்கரம் வரை நூல் பிடித்து, முன்சக்கரங்கள் உண்மையிலேயே நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டிராப் ஆர்முக்கும் செக்டார் ஷாஃப்ட்டுக்கும் பொருத்தமாகக் கோடோ புள்ளியோ குறி இருக்கும்; இல்லாவிடில் பஞ்சால் தட்டிக் குறியிட்டுக்கொள்வது நன்று. ஆர்மைப் புல்லர் போட்டுத்தான் உருவ வேண்டும். சுத்தியலால் அடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் உள்ளிருக்கும் பற்களுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும்.

புதிய பாக்ஸின் நடுவைக் காண்பதற்குத் தொன்றுதொட்டு வரும் வழி, டிராக் லிங்க்கை இணைக்காமல், உள் தண்டைக் கையால் மெதுவாக ஒரு கடைசி வரை திருப்பி, அங்கிருந்து மறு கடைசி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வருவதாகும். மொத்தம் ஐந்து சுற்று என்றால் இரண்டரையில் நடு. அவ்விடத்தில் தண்டு மற்ற இடங்களைவிடச் சற்றே இறுக்கமாகத் திரும்புவதை விரல்களே உணர்த்தும். எண்ணிக்கை சொன்னதை அந்த இறுக்கம் ஊர்ஜிதம் செய்கிறது. ஒரு முக்கியமான எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். முதல் முறை கடைசி வரை ஒடிக்கும்போது தாமே அளவு பிடித்துக்கொள்ளும் வால்வுகள் சில பவர் பாக்ஸுகளில் உண்டு. அவற்றை லிங்க் இணைக்காமல் கடைசி வரை திருப்பினால் அளவு தவறிவிடும். அத்தகைய பாக்ஸில் சுற்றுகளை எண்ணாமல், தண்டிலும் உறையிலும் தயாரிப்பாளர் இட்டிருக்கும் குறிகளையே நேர்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நடு கண்டபின், பாக்ஸ் அசையாதபடி ஸ்டீரிங் காலத்தை இணைத்து, வீலின் கம்பிகள் சமமாக நிற்கும்படி பொருத்தலாம். ஸ்டீரிங் வீலைக் கழற்றி மாட்டுவதற்கு நியாயமான சமயம் இது ஒன்றே. காலத்தில் இரண்டு யூ ஜாயிண்ட்டுகள் இருந்தால் அவற்றின் கவைகள் ஒரே வாக்கில் அமைய வேண்டும். மாறினால் ஸ்டீரிங் ஒரே சுற்றுக்குள் கனத்தும் இலேசாகியும் மாறிமாறித் திரும்பும். இவ்வளவும் ஆனபிறகு, நேராக நிற்கும் சக்கரத்தின் கையில் டிராக் லிங்க்கின் பால் பின் தானாக வந்து உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. உட்கார்ந்தால் பாக்கியம். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் எட்டாமலோ மிஞ்சியோ நிற்கும். அந்த வித்தியாசத்தை லிங்க்கின் மரையைச் சுற்றித் தீர்க்க வேண்டுமேயன்றி, ஸ்டீரிங்கைத் திருப்பிப் பின்னை உள்ளே நுழைத்துவிடக் கூடாது.

அந்த மரையின் மகத்துவத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. மரையின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்றும், டிராப் ஆர்மின் நீளம் 200 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். லிங்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஆர்ம் நகரும் கோணம் 0.43 பாகைதான், கண்ணுக்கே தெரியாது. பாக்ஸ் தன் சுழற்சியை இருபதில் ஒன்றாகக் குறைப்பது என்றால், அதே நகர்வு ஸ்டீரிங் வீலில் 8.6 பாகையாகப் பெருகி நிற்கும். 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பில் அது 34 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு விரற்கடை. வீல் நான்கு விரற்கடை கோணலாக நின்றால் லிங்க்கை இரண்டு சுற்றுக்கு மேல் திருப்பத் தேவையில்லை. மாறாக, நேராக்குவதற்கு மரையைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தால், டிராப் ஆர்ம் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது என்று ஊகித்து, மீண்டும் குறியைப் பார்ப்பதே விவேகம். மரை போதிய அளவு உள்ளே இல்லாத லிங்க் ஓட்டத்தில் கழன்றுவிடவும் கூடும்.

பரீட்சை ஓட்டத்துக்குச் சாலையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கின்றன. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் வண்டி எப்போதும் இடது சரிவிலேயே செல்வதால் சிறிது இடப்புறம் இழுப்பது இயல்பு. அதை ஸ்டீரிங்கின் குறையாகக் கொண்டு லிங்க்கைத் திருத்தினால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாகும். பாரமும் கணக்கில் சேர வேண்டும். அம்பை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஏ.எஸ்.டி. 16 நெல்லை மூட்டை மூட்டையாக ஏற்றியதும், முன் பட்டை ஸ்பிரிங் தாழ்ந்து, ஆக்சில் ஒரு வளைவிலும் டிராக் லிங்க்கின் நுனி வேறொரு வளைவிலும் இறங்குவதால், காலி வண்டியில் துல்லியமாக நின்ற வீல் சற்றே விலகக்கூடும். வண்டி எந்த நிலையில் மிகுதியாக ஓடுகிறதோ அந்த நிலையில் சோதிப்பதே பொருத்தம். இவ்வளவுக்குப் பிறகும் வீல் கோணலாகவே நிற்குமானால், பின் ஆக்சிலைப் பாருங்கள். பட்டையின் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் சிறிது நகர்ந்திருந்தால், வண்டி உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும். அதை நேர்ப்படுத்த ஓட்டுநர் ஸ்டீரிங்கைச் சதா ஒரு பக்கம் பிடித்திருப்பார். அக்குறைக்குப் பாக்ஸ் பொறுப்பாளி ஆகாது.

லாரி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பாக்ஸ் மாற்றக் கொடுத்த வண்டியைச் சாயங்கால லோடுக்கு வேண்டும் என்று துரிதப்படுத்தாதீர்கள். ஸ்டீரிங் வீலைக் கழற்றி மாட்டிக் கால்மணியில் முடித்துத் தருகிறவரைவிட, வண்டிக்கு அடியில் படுத்து டிராக் லிங்க்கோடு போராடுகிறவருக்கே கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். முதல் நடை போய்வந்ததும் டிராப் ஆர்மின் நட்டையும், டிராக் லிங்க்கின் கிளாம்ப் போல்ட்டையும், பால் பின்னுக்குக் குறுக்கே இட்ட காட்டர் பின்னையும் மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பவர் ஸ்டீரிங் ஆனால் எண்ணெயின் அளவையும் பாருங்கள்.